ஈரத்துணியின் நிறம்

மூன்று மாதம் ஒரு பிழையும் இல்லை. நான்காவது மாதம் பிறந்து பதினெட்டு நாளைக்குள் மூன்று பிழை. அதே ஆள், அதே கண், அதே பைகள், மேலே எரிகிற அதே குழல் விளக்குகள். எப்படி என்று சிவானந்தத்துக்குப் பிடிபடவில்லை.

சிவப்புப் பை ஒன்று பச்சைப் பைகளின் பக்கம் போய்விட்டது, அவ்வளவுதான் பிழை. 1987 மார்ச் ஐந்தாந் தேதி ஒன்று, பதினோராந் தேதி ஒன்று, பதினெட்டாந் தேதி ஒன்று. கேட்பவருக்கு அற்பமாகத் தெரியும். அந்தச் சலவைக்கூடம் எப்படி வேலை செய்தது என்பதைச் சொன்னால்தான் அவன் ஏன் நடுங்கினான் என்பது விளங்கும்.

மொன்ட்ரியாலின் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் ஒரு பழைய செங்கல் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருந்தது அது. சுற்றுவட்டாரத்து முதியோர் இல்லங்களும் நோயாளர் விடுதிகளும் தங்கள் அழுக்குத் துணியைத் துணிப்பைகளில் கட்டி அங்கே அனுப்பும். சாதாரண அழுக்கு என்றால் பச்சைப் பை. தொற்றுநோய்க்காரரின் படுக்கையிலிருந்து வந்த துணி என்றால் சிவப்புப் பை. காலை ஆறு மணிக்கு லொறி வரும். மன்னார்க்காரரான நீக்கிலாப்பிள்ளை பைகளை இறக்கி மேடையில் போடுவார். சிவானந்தம் ஒவ்வொன்றாகத் தூக்கிக் கொக்கியில் கொழுவுவான். மேடையின் மேல் இரண்டு தண்டவாளங்கள் ஓடின. ஒன்றில் கொழுவிய பை திறக்கப்படாமலே கொதிநீர் இயந்திரத்துக்குள் போகும். பையும் துணியும் ஒன்றாக வெந்து மறுபக்கம் வெளியே வரும். அது சிவப்புக்கு. மற்றத் தண்டவாளத்தில் கொழுவிய பையின் அடிக்கயிற்றை சிவானந்தம் இழுத்தால், துணியெல்லாம் ஒரு சரிவு வழியாகக் கீழே மேசைக்குக் கொட்டும். வெறும் பையை அவன் ஒரு தொட்டியில் எறிவான். அது பச்சைக்கு.

கீழே மேசையைச் சுற்றி ஐந்து பெண்கள் நின்று, விழுகிற துணியைக் கையால் பிரிப்பார்கள். படுக்கை விரிப்பு ஒரு கூடைக்கு, துவாய் ஒரு கூடைக்கு. துணி எந்தப் பையிலிருந்து விழுந்தது என்று அவர்களுக்குத் தெரியாது. மேலே நிற்பவனின் கண்ணை நம்பித்தான் அவர்கள் கையை நீட்டினார்கள்.

அந்தக் கண்ணுக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்று.

பிறப்பிலேயே அப்படி. இரண்டும் அவனுக்குச் சேற்று நிறம்தான். ஆனால் ஒரு வித்தியாசம் இருந்தது. சிவப்புப் பை கொஞ்சம் இருண்ட சேறு, பச்சைப் பை வெளிறிய சேறு. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அதைக் கண்டுபிடித்துவிட்டான். இருண்டது இந்தப் பக்கம், வெளிறியது அந்தப் பக்கம். டிசம்பர், ஜனவரி, பெப்ரவரி முழுக்க அந்த வழி பிசகவில்லை. மார்ச்சில் பிசகியது. ஏன் என்று எவரிடமும் கேட்கவும் முடியாது. கேட்டால் எல்லாமே வெளியே வந்துவிடும்.

ஐந்தாந் தேதி மேற்பார்வையாளர் மதாம் கத்தரின் வெறும்பைத் தொட்டிக்குள் ஒரு சிவப்புப் பையைக் கண்டபோது தலையை ஆட்டிவிட்டுப் போனார். பதினோராந் தேதி இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே சுவரில் பிரெஞ்சில் ஓர் அறிவித்தல் ஒட்டினார். சிவானந்தம் அதன் முன்னே நின்று, வாசித்து விளங்கியவன்போல் தலையசைத்தான். நீக்கிலாப்பிள்ளை அப்படியெல்லாம் நடிக்கவில்லை. விளங்கியதா என்று மதாம் கேட்டவுடன் கையை விரித்துவிட்டார். "எனக்கு பிரெஞ்சும் தெரியாது, இங்கிலீசும் தெரியாது. தமிழிலை எழுதினாலும் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பன்," என்று சொல்லி, அதை மொழிபெயர்க்கும்படி கீழே நின்ற மனைவியைக் கூப்பிட்டார். மனைவி மாக்கிரட் மாதா கோவில் சிஸ்டர்மாரிடம் பிரெஞ்சு படித்தவள். "இந்த மனுசன் தன்ரை மானத்தை விக்கிறதுக்கும் நான்தான் தரகு," என்று முணுமுணுத்துக்கொண்டே மொழிபெயர்த்தாள். மேசைப் பெண்கள் சிரித்தார்கள். மதாம் சிரிக்கவில்லை.

பதினெட்டாந் தேதி காலை பத்து மணிக்குக் கீழேயிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. ஐந்து பெண்களின் பேச்சும் ஒரே நேரத்தில் நின்றுபோனதால்தான் சிவானந்தம் எட்டிப் பார்த்தான். மேசை நடுவே இரத்தம் ஊறிய கட்டுத்துணி ஒரு குவியலாகக் கிடந்தது. மாக்கிரட் இடது கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். கையுறையின் பெருவிரல் கிழிந்திருந்தது. அதற்குள்ளே, ஞாயிற்றுக்கிழமை மீன் வெட்டும்போது பட்ட காயம்.

அந்த வருஷம் எயிட்ஸ் என்ற சொல்லை ஆட்கள் குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார்கள். செங்கமாரி என்கிற மஞ்சள்காமாலையும் இரத்தத்தால் தொற்றும் என்று மதாமே முன்பு சொல்லியிருந்தார். மாக்கிரட்டை உடனே மருத்துவரிடம் அனுப்பி இரத்தம் எடுத்தார்கள். முதற் பரிசோதனையின் முடிவு இரண்டு கிழமையில் வரும், ஆனால் அதோடு தீராது, மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை பார்த்தால்தான் நிச்சயம் என்று சொல்லி அனுப்பினார்கள். மூன்று மாதம் அவள் பிள்ளைகளின் தட்டைத் தொடவும் யோசிப்பாள்.

மாலையில் மதாம் சிவானந்தத்தையும் நீக்கிலாப்பிள்ளையையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். யார் கொழுவியது என்று கேட்கவில்லை. யாருக்கு அறிவித்தல் வாசிக்கத் தெரியாதோ அவர்தான் பிழை விட்டவர் என்று தானாகவே முடிவு கட்டியிருந்தார். வெள்ளிக்கிழமை முதலாளி வருவார், நீக்கிலாப்பிள்ளை அன்றோடு நிற்க வேண்டியிருக்கும் என்று எளிய இங்கிலீசிலும் சைகையிலும் சொன்னார். கொழுவுவது தன் வேலையல்ல என்று நீக்கிலாப்பிள்ளை வாதாடவில்லை. அவசரமான நாட்களில் அவரும் இரண்டொரு பை கொழுவுவது உண்டு.

"நானாயும் இருக்கும்," என்றார் வெளியே வந்ததும். முகம் சாம்பலாகியிருந்தது. "என்ரை கையாலை என்ரை மனுசிக்கே இப்பிடி வந்துதோ, தம்பி?"

"பிறகு கதைப்பம் அண்ணை," என்று சொல்லிவிட்டுச் சிவானந்தம் பஸ்ஸைப் பிடிக்க ஓடினான்.

வேலை போய்விடும் என்ற பயம் மட்டும் என்றால் அவன் தாங்கியிருப்பான். மற்றப் பயம் ஒன்பது வருஷம் பழையது. 1978-இல் திருகோணமலையிலிருந்து கொழும்புக்குப் போய் ரயில் கார்ட் வேலைக்குப் பரீட்சை எழுதினான். சித்தியடைந்தான். கடைசியில் கண் பரிசோதனை. புள்ளி புள்ளியாக அச்சடித்த ஒரு புத்தகத்தை மருத்துவர் விரித்து, உள்ளே என்ன இலக்கம் தெரிகிறது என்று கேட்டார். மற்றவர்கள் எட்டு, இருபத்தொன்பது என்று சொல்லிக்கொண்டு போனார்கள். அவனுக்குப் புள்ளிகள் மட்டுமே தெரிந்தன. கொடியின் நிறம் தெரியாதவரை ரயிலில் ஏற்ற முடியாது என்று மருத்துவர் மரியாதையாகவே சொன்னார்.

வீட்டு வாசலில் தகப்பன் காத்திருந்தார். "தமிழன் எண்டு தரேல்லை, ஐயா," என்றான் சிவானந்தம். எவரும் மறுகேள்வி கேட்கவில்லை. உண்மையாகவே அப்படி வேலை மறுக்கப்பட்டவர்கள் அந்தத் தெருவிலேயே நாலு பேர் இருந்தார்கள். அவர்களுடைய உண்மைக்குள் இவனுடைய பொய் ஒளிந்துகொண்டது. கலியாணம் பேசியபோது மனோகரி வீட்டாருக்கும் அதையே சொன்னான். மொன்ட்ரியாலுக்கு வந்து அகதி விண்ணப்பம் எழுதியபோது, சொல்லிச் சொல்லிப் பழகிய நாக்கு அதைத்தான் முதலாவதாகச் சொன்னது. எண்பத்துமூன்றுக் கலவரத்தில் அவனுடைய சைக்கிள் கடையைக் கொளுத்தியது உண்மை. அது இரண்டாவதாக, இரண்டே வரியில் நின்றது. ஏப்ரல் ஒன்பதாந் தேதி அந்த விண்ணப்பத்தைப் பற்றிச் சத்தியம் செய்து சொல்ல வேண்டிய விசாரணை. சலவைக்கூடத்தில் கண்ணைப் பற்றி வாய் திறந்தால் கதை ஒரு கிழமைக்குள் தமிழர் எல்லாரிடமும் போகும். முதல் வரி பொய் என்று தெரிந்தால் மிச்ச வரிகளை யார் நம்புவார்கள்? அவனையும் மனோகரியையும் விமானத்தில் ஏற்றுவதை அவன் கண்ணை மூடாமலே கண்டான்.

வீட்டுக்கு வந்தபோது மனோகரி துவாய்களைத் தோய்த்து ஹீட்டரின் மேல் விரித்திருந்தாள். சாப்பிட மனமில்லாமல் அதன் பக்கத்தில் உட்கார்ந்தான். ஒரு துவாயின் பாதி ஹீட்டரில் பட்டுக் காய்ந்திருந்தது, மற்றப் பாதி தொங்கிக்கொண்டு ஈரமாக இருந்தது. காய்ந்த பாதி வெளிறிய சேறு. ஈரமான பாதி இருண்ட சேறு. ஒரே துவாய்.

அவன் எழுந்து நின்றான்.

உலர்ந்த துணியில் நூலுக்கும் நூலுக்கும் நடுவே காற்று இருக்கிறது. ஒளி அங்கே பட்டுத் தெறித்து நம் கண்ணுக்குத் திரும்புவதால் துணி வெளிறித் தெரிகிறது. அந்த இடைவெளியில் தண்ணீர் புகுந்தால் ஒளி தெறிக்காமல் உள்ளே இறங்கிவிடும். குறைவாகத்தான் திரும்பி வரும். துணி இருண்டுவிடும். ஜனவரியின் பனி மாவு மாதிரி, உதறினால் போய்விடும், எதையும் நனைக்காது. மார்ச்சின் பனி விழும்போதே தண்ணீர். லொறியின் பின்கதவோரம் இருக்கும் பைகள் நனையும், உள்ளே இருப்பவை நனையாது. நனைந்த பச்சை, உலர்ந்த சிவப்பையும் விட இருண்டு போகும். நனைந்த சிவப்பு அதைவிட இருளும். அவற்றின் பக்கத்தில் உலர்ந்த சிவப்புப் பையை வைத்தால் அதுதான் வெளிறியதாகத் தெரியும்.

வெளிறியது அந்தப் பக்கம். அவன் கையே அதைத் தள்ளியிருக்கிறது. மூன்று நாளும் வெளியே ஈரப்பனி. ஏப்ரல் நடுப்பகுதி வரைக்கும் ஈரப்பனி விழும்.

விடை கிடைத்த சந்தோஷம் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. நீக்கிலாப்பிள்ளை அல்ல, இவன்தான் என்பது இப்போது சந்தேகமில்லாத உண்மையாகிவிட்டது.

"என்ன, பேயைக் கண்ட மாதிரி நிக்கிறியள்?" என்றாள் மனோகரி.

சொன்னான். புத்தகத்துப் புள்ளியிலிருந்து மாக்கிரட்டின் பெருவிரல் வரைக்கும், ஒன்றையும் விடாமல். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். பொய் சொன்னதற்காகச் சண்டை பிடிப்பாள் என்று அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவள் கேட்டது வேறு.

"அப்ப என்ரை கூறைச்சீலை என்ன நிறமெண்டு உங்களுக்குத் தெரியாதோ?"

"தெரியாது."

"ஆறு வருஷமா நான் எந்தச் சீலையை உடுத்து வந்து நிண்டாலும் ஒரு சொல் சொல்லமாட்டியள். இந்த மனுசனுக்கு என்னைப் பிடிக்கேல்லை எண்டு நினைச்சன்." எட்டி ஹீட்டரிலிருந்த துவாயைத் திருப்பிப் போட்டாள். "அதுக்குப் பிறகு கேக்கிறதையே விட்டிட்டன்."

அவள் அப்படி நினைத்திருப்பாள் என்று அவன் ஒருநாளும் எண்ணியதில்லை. தன் குறையை மறைக்க அவன் அடைத்த கதவுக்கு வெளியே அவள் ஆறு வருஷம் நின்றிருக்கிறாள். அவள் கையைப் பிடித்தான். நாளைக்கு மதாமிடம் சொல்லத்தான் போகிறேன் என்றான். விசாரணையை என்ன செய்வது என்று அவள் கேட்டாள். தெரியாது என்றான். இருவருக்கும் பயமாக இருந்தது. ஆனாலும் அன்று அந்தப் பயத்தை இருவரும் சேர்ந்து சுமந்தார்கள்.

வியாழக்கிழமை விடிய லொறி வருமுன் மாக்கிரட்டிடம் போனான். பிரெஞ்சு அவளுக்குத்தான் தெரியும். அடிபட்டவளின் வாயால்தான் இவன் குற்றத்தைச் சொல்ல வேண்டியிருந்தது. பெருவிரலில் வெள்ளைக் கட்டுடன் ஏப்ரன் கட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, மதாமிட்டை ஒரு விஷயம் சொல்ல வேணும். நீங்கள்தான் சொல்லித் தர வேணும். அந்தப் பையளைப் பிழையாக் கொழுவினது அண்ணை இல்லை, நான். எனக்குச் சிவப்பும் பச்சையும் பிரிச்சுத் தெரியாது."

அவள் ஏப்ரன் நாடாவை விட்டுவிட்டாள்.

"எப்ப இருந்து தெரியும்?"

"கண் விஷயம் சின்ன வயசிலையிருந்து. பையள் பிழைக்குது எண்டது ஐஞ்சாந் தேதியிலையிருந்து."

"ஐஞ்சாந் தேதி சொல்லியிருந்தால்," என்று தொடங்கி நிறுத்தினாள். கட்டுப் போட்ட விரலை மற்றக் கையால் பொத்திக்கொண்டாள். வெளியே லொறி பின்பக்கமாக வந்து மேடையில் முட்டியது. "வாரும்," என்றாள் கடைசியில். "சொல்லேக்கை நான் அழுதாலும் அழுவன். நீர் உம்மடை கதையை நிப்பாட்டாதையும்."

அவன் தமிழில் சொன்னான், அவள் பிரெஞ்சில் சொன்னாள். பாதியில் அழுதாள், ஆனால் ஒன்றையும் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. மதாம் கத்தரின் முதலில் நம்பவில்லை. மேசையில் கிடந்த ஒரு கோப்பை எடுத்து இது என்ன நிறம் என்று கேட்டார்.

தெரியாது என்றான். சுவரில் தொங்கிய நாட்காட்டி? தெரியாது. அறை வாசலில் கூடியிருந்த பெண்களில் ஒருத்தி தன் தலைத்துணியைக் காட்டினாள். அதுவும் தெரியாது என்றான். நேற்றிரவு வரை வாழ்நாளில் ஒருமுறைகூடச் சொல்லாத அந்தச் சொல்லை ஐந்து நிமிஷத்தில் எட்டுத் தரம் சொன்னான். எட்டாவது தரம் குரல் நடுங்கவில்லை.

அப்படியானால் மூன்று மாதம் எப்படிப் பிழை வரவில்லை என்று மதாம் கேட்டார். அவன் ஒரு பச்சைப் பையையும் ஒரு சிவப்புப் பையையும் வாங்கி, பச்சையின் பாதியை வாளியில் முக்கிக் காட்டினான். வெளிறியது, இருண்டது, ஈரம், உலர்ந்தது என்று அவன் விளக்க விளக்க மாக்கிரட் மொழிபெயர்க்கத் திணறினாள். இது சரியென்றால் அதே நாட்களில் பச்சைப் பைகளும் கொதிநீர் இயந்திரத்துக்குள் போயிருக்க வேண்டும் என்றான்.

"போனதுதான்," என்றாள் பின்னாலிருந்து ஒரு குரல். மறுபக்கம் வெந்த துணி எடுக்கிற சிசிலி. பச்சைப் பைகள் வருவதைக் கண்டதாகவும், வேலை தெரியாதவள் என்று நினைப்பார்களோ என்று பேசாமல் இருந்ததாகவும் சொன்னாள். கையுறை கிழிந்தது திங்கட்கிழமையே தெரியும், புதிது கேட்கக் கூச்சப்பட்டேன் என்று மாக்கிரட் தமிழில் சொல்லி, பிறகு பிரெஞ்சிலும் சொன்னாள். நீக்கிலாப்பிள்ளை தொண்டையைச் செருமினார். லொறிக்குள் விளக்கில்லை, உள்ளே தனக்கும் எல்லாப் பையும் கறுப்புத்தான், அவசரத்துக்குக் கொழுவும்போது நிறம் பார்ப்பதேயில்லை என்றார்.

"தம்பி பார்ப்பான் எண்டு நான் பேசாமல் விட்டிட்டன். நல்ல ஆளைப் பார்த்துத்தான் நம்பியிருக்கிறன்."

மாக்கிரட்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்துவிட்டாள்.

மதாம் சிரிக்காமல் மேடைக்குப் போய்த் தன் அறிவித்தலைச் சுவரிலிருந்து கிழித்தார். பாதிப் பேருக்கு வாசிக்கத் தெரியாது என்பது தனக்குத் தெரிந்தே இருந்தது என்றார். நாளை மதியத்துக்குள் ஒரு வழி கண்டுபிடிக்க வேண்டும், அதுவரை சிவானந்தம் பை கொழுவக் கூடாது, முதலாளி என்ன சொல்வார் என்று தனக்குத் தெரியாது என்றும் சொன்னார்.

தேத்தண்ணி நேரத்தில் அவன் பொதுத் தொலைபேசியில், விண்ணப்பத்தை மொழிபெயர்த்த இந்திராதேவியைக் கூப்பிட்டான். முதல் வரி உண்மையில்லை, வெட்ட வேண்டும் என்றான்.

"லோயரிட்டைச் சொல்லி வெட்டுவம்," என்றாள் அவள். "என்ன நடக்குமெண்டு நான் உறுதி சொல்லேலாது. ஆனால் கடை எரிஞ்சதைப் பற்றி நீங்கள் எனக்கு ரெண்டு வரிதான் சொன்னியள். அதை முழுக்கச் சொல்லுங்கோ. ஞாயிற்றுக்கிழமை வாறியளோ?"

"ஓம், வாறன்."

ஒன்பதாந் தேதி என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியாது. மாக்கிரட்டின் இரத்தத்தில் என்ன இருக்கிறது என்றும் அவனுக்குத் தெரியாது. ஆனால் கையில் ஒரு வேலை இருந்தது. ஒரேயொரு அடையாளத்தை நம்பியதுதான் கோளாறு, அந்த அடையாளமும் வெளிச்சத்தை நம்பியிருந்தது. வெளிச்சம் இல்லாத இடத்தில், ஈரத்தில், பிரெஞ்சு தெரியாதவருக்கும் நிறம் தெரியாதவருக்கும் ஒரேமாதிரிச் சொல்கிற அடையாளம் வேண்டும். அப்படியென்றால் அது கைக்குத் தெரிய வேண்டும். ஒவ்வொரு பையையும் எல்லாரும் தூக்கும்போது பிடிப்பது கழுத்தை. கழுத்தில் கயிறு ஏற்கெனவே இருக்கிறது.

பின்னேரம் நாற்பது பைகளைக் கட்டினார்கள். நீக்கிலாப்பிள்ளை இருட்டு லொறிக்குள் கண்ணை மூடிக்கொண்டு நாற்பதையும் பிரித்தார். பிழை இல்லை. சிவானந்தம் ஈரப் பைகளையும் கலந்து பிரித்தான். பிழை இல்லை. மதாமே தடித்த கையுறை போட்டுக்கொண்டு பிரித்துப் பார்த்தார், அவருக்கும் பிழை இல்லை. அன்றே எல்லா விடுதிகளுக்கும் தொலைபேசி எடுத்து, இனி இப்படியே கட்டி அனுப்பச் சொன்னார். வெள்ளிக்கிழமை ஈரப்பனி கொட்டியது. முதலாளி மேடையோரம் நின்று ஒரு முழு லொறி இறங்குவதைப் பார்த்தார், தொட்டியைக் கிளறினார், ஒரு சிவப்புப் பையும் அகப்படவில்லை. இருவரும் வேலையில் இருக்கட்டும் என்றார். ஆளுக்கு இரண்டு சோடிப் புதுக் கையுறைக்கும் கையெழுத்திட்டார்.

பழைய அறிவித்தல் இருந்த இடத்தில் மூன்று மொழியில் புதியது ஒன்று ஏறியது. தமிழை மாக்கிரட் எழுதினாள்: "சிவப்புப் பையின் கழுத்தில் இரண்டு முடிச்சு. பச்சைப் பையின் கழுத்தில் ஒரு முடிச்சு. கொழுவுமுன் ஒவ்வொருவரும் கையால் தடவிப் பார்க்க வேண்டும்."